மெட்ஃபார்மினுக்கு அடுத்து எது? பீட்டா செல்லுக்குள்ளிருந்து ஓர் ஒப்பீடு

டைப் 2 சர்க்கரை நோய்க்கு முதல் மருந்தாகப் பெரும்பாலோருக்கு மெட்ஃபார்மின்தான் தரப்படுகிறது. அதில் பெரிய குழப்பம் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அது மட்டும் போதாமல் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. சல்ஃபோனைல்யூரியாவா, கிளிப்டினா, வாராந்தர ஊசியா, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரையா, நேராக இன்சுலினுக்கே போய்விடுவதா?

இவற்றை ஒப்பிடும் அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. ஹெச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சராசரி எவ்வளவு குறையும், எடை ஏறுமா இறங்குமா, செலவு எவ்வளவு என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். அந்த எண்கள் தவறில்லை. ஆனால் ஏன் ஒரு மருந்து மயக்கம் வரும் அளவுக்குச் சர்க்கரையை இறக்குகிறது, இன்னொன்று ஏன் இறக்குவதில்லை என்பதை அட்டவணை சொல்வதில்லை. அதற்கான விடை கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் என்ற ஒரே ஒரு வகைச் செல்லுக்குள் நடக்கும் சமிக்ஞை ஓட்டத்தில் இருக்கிறது. ஆகவே அட்டவணைக்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன்: இந்த மருந்தைச் சாப்பிட்ட பிறகும் பீட்டா செல் ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பார்த்துத்தான் முடிவெடுக்குமா, அல்லது பார்க்காமலே சுரக்குமா?

சர்க்கரை எப்படிச் செய்தியாகிறது

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கும் திசு. அதற்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு செல் கூட்டங்களை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். அவற்றின் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை. இன்று அவர் பெயராலேயே வழங்கும் அந்தத் திட்டுகள் மனிதக் கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கின்றன. ஆனாலும் கணையத்தின் எடையில் அவை நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஒவ்வொரு திட்டிலும் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள், கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்லும் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள், அக்கம்பக்கத்துச் செல்களை அடக்கும் சோமடோஸ்டாட்டினைச் சுரக்கும் டெல்டா செல்கள் முதலியவை உள்ளன. எலியின் திட்டில் பீட்டா செல்கள் நடுவிலும் ஆல்ஃபா செல்கள் ஓரத்திலும் ஒழுங்காக அமைந்திருக்கும். மனிதத் திட்டில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, உரசியபடி இருக்கின்றன. இந்த நெருக்கம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

பீட்டா செல்லின் மேற்பரப்பில் சர்க்கரையைத் தொட்டு உணர்வதற்கென்று தனி ஏற்பி எதையும் இந்தச் செல் நம்பியிருப்பதில்லை. இது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. பெரும்பாலான ஹார்மோன்களும் நரம்புச் செய்திகளும் ஓர் ஏற்பியில் வந்து பொருந்தித்தான் வேலை செய்கின்றன. பீட்டா செல்லோ சர்க்கரையை உள்ளே வாங்கி, எரித்து, அதிலிருந்து எவ்வளவு ஆற்றல் கிடைத்தது என்பதைக் கொண்டே ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது.

குளுக்கோஸ் முதலில் கடத்திப் புரதங்கள் வழியாகச் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே அதை எதிர்கொள்வது குளுகோகைனேஸ் என்ற நொதி. உடலின் மற்றச் செல்களில் இதே வேலையைச் செய்யும் நொதிகள் மிகக் குறைந்த சர்க்கரையிலேயே முழு வேகத்தை எட்டிவிடும். குளுகோகைனேஸ் அப்படியல்ல. 100 மில்லிலிட்டருக்கு 140 மில்லிகிராம் என்ற அளவை ஒட்டித்தான் அது பாதி வேகத்தை அடைகிறது. (இனி வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் இதே கணக்கில்தான்.) அதனால் ரத்தச் சர்க்கரை 80இலிருந்து 120க்கு, 120இலிருந்து 180க்கு ஏறும்போது இந்த நொதியின் வேகமும் கூடவே ஏறுகிறது. உண்மையான சர்க்கரைமானி இதுதான். இதன் மரபணுவில் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் சர்க்கரை சற்றே உயர்ந்த ஓர் அளவில் நிலையாக நிற்கும். செல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அளவுகோலின் தொடக்கப் புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை.

குளுகோகைனேஸைத் தாண்டிய குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து, ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறைத் தருகிறது. ஏடிபி கூடும்போது செல் சவ்விலுள்ள ஒரு பொட்டாசியம் வாயில் மூடிக்கொள்கிறது. மின்செயலின் கணக்கு இந்த வாயிலில்தான் இருக்கிறது. அது திறந்திருக்கும் வரை பொட்டாசியம் வெளியே கசிந்துகொண்டிருக்கும். செல்லின் உட்புறம் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் அமைதியாக இருக்கும். வாயில் மூடியதும் மின்னழுத்தம் உயர்கிறது, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு ஒட்டி உடைந்து ரத்தத்தில் கொட்டுகின்றன. பீட்டா செல்லில் ஏடிபிக்கு இணங்கும் இந்தப் பொட்டாசியம் வாயிலை 1984இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அவற்றில் ஒன்று பிரான்சிஸ் ஆஷ்கிராஃப்டினுடையது.

இந்தத் தொடரை ஆய்வாளர்கள் தூண்டு வழி என்பார்கள். இதனோடு இன்னொன்றும் உண்டு: பெருக்கு வழி. கால்சியம் ஏறிவிட்ட செல்லில், அதே அளவு கால்சியத்துக்கு இன்னும் அதிக இன்சுலினை வெளியே தள்ளவைக்கும் வழி அது. உணவு குடலைத் தொட்டவுடன் குடற்சுவரிலுள்ள செல்கள் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை பீட்டா செல்லில் தத்தம் ஏற்பிகளில் பொருந்த, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு கூடுகிறது. நுண்பைகள் வெளியேறத் தயாராகின்றன. ஆனால் புறப்படுவதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்துக்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரை இறங்கியிருந்தால் பெருக்கி எவ்வளவு முழங்கினாலும் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. அதே அளவு குளுக்கோஸைச் சிரை வழியாக நேரே ரத்தத்தில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் வெகு அதிகமாகச் சுரப்பதற்குக் காரணம் இதுதான். ஆரோக்கியமானவர்களில் உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கும் மேல் இந்தக் குடல் ஹார்மோன்களின் தயவு.

தூண்டு வழி, பெருக்கு வழி என்ற இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், மருந்துக் கடையில் வரிசையாக நிற்கும் பெயர்கள் ஓரிரு கூட்டங்களாகத் தாமே பிரிந்து நிற்கும்.

சல்ஃபோனைல்யூரியா: வாயிலைச் சாத்தும் மருந்து

1942இல் பிரான்சின் மோன்பெல்யே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை பயங்கரமாக இறங்கியது. அவருடைய சகா ஒகுஸ்த் லூபாத்தியேர் நாய்களில் சோதித்து, கணையம் அகற்றப்பட்ட நாயில் இந்த மருந்து எதையும் செய்யவில்லை என்று காட்டினார். அங்கிருந்து பிறந்த குடும்பம்தான் கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிமெபிரைடு எல்லாம். பக்கவிளைவாகத் தொடங்கி மருந்தாக மாறியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கவிளைவு இன்னும் போகவில்லை.

இவை நேரே அந்தப் பொட்டாசியம் வாயிலில் போய் ஒட்டி அதைச் சாத்திவிடுகின்றன. குளுகோகைனேஸ், மைட்டோகாண்ட்ரியா, ஏடிபி என்று சர்க்கரையை அளந்து சொல்லும் முன்கட்டம் முழுவதையும் இவை தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஆள் வந்தால் மட்டும் அடிக்க வேண்டிய அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தி ஒட்டுப் போட்டு வைத்தது போல, சர்க்கரை 200 இருந்தாலும் 60 இருந்தாலும் செல்லுக்கு ஒரே செய்திதான் போகிறது. சாப்பாடு தாமதமான நாளில், வழக்கத்தைவிட அதிகம் உழைத்த நாளில், சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற மறுக்கும் வயதில் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுவது அதனால்தான்.

இந்தக் குடும்பத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. கிளிபென்கிளமைடு வாயிலை விட்டு விலக நேரமெடுக்கும். அதன் சிதைவுப் பொருள்களும் வீரியமுள்ளவை; சிறுநீரகம் தளர்ந்தால் அவை தேங்கும். முதியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது இந்த இரண்டு காரணங்களுக்காகவே. கிளிக்ளசைடு பீட்டா செல்லின் வாயிலைத் தேர்ந்து பிடிக்கிறது, விரைவில் விடுகிறது, தாழ்சர்க்கரையும் ஒப்பீட்டளவில் குறைவு. 'சல்ஃபோனைல்யூரியா வேண்டாம்' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறார்கள்.

எவ்வளவு நாள் தாங்கும் என்பது அடுத்த கேள்வி. 2006இல் வெளியான அடாப்ட் ஆய்வில், ஒற்றை மருந்தாகக் கொடுத்தபோது ஐந்தாண்டுக்குள் பலனிழந்தவர்கள் கிளிபென்கிளமைடில் 34 சதவீதம், மெட்ஃபார்மினில் 21 சதவீதம், உடலை இன்சுலினுக்கு இணங்கவைக்கும் ரோசிகிளிட்டசோனில் 15 சதவீதம். ஓயாமல் விரட்டப்படும் செல் சீக்கிரம் களைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். செல்லே இல்லாமல் போகிறதா, அல்லது ஓய்வு கொடுத்தால் திரும்பி வருமா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மருந்து ஒளிவிட்டு எழும் ஓரிடமும் உண்டு. பிறந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் சில குழந்தைகளுக்கு, அதே பொட்டாசியம் வாயிலின் மரபணு மாறியிருப்பது 2004இல் கண்டறியப்பட்டது. ஏடிபி எவ்வளவு கூடினாலும் அவர்களுடைய வாயில் மூடுவதில்லை. சல்ஃபோனைல்யூரியாவுக்கு ஏடிபியின் சிபாரிசு தேவையில்லையே. 2006இல் வெளியான ஆய்வில் இப்படிப்பட்ட 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஊசியோடு வாழ்ந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு அடிக்கடி தாழ்சர்க்கரை வராததற்கும் காரணம் பெருக்கு வழிதான்: மாத்திரை வாயிலைச் சாத்திக் கதவருகே கொண்டுவந்து நிறுத்துகிறது, எவ்வளவு சுரப்பது என்பதைக் குடல் ஹார்மோன்கள் உணவைப் பொறுத்துத் தீர்மானிக்கின்றன.

பெருக்கு வழியில் இரண்டு தேர்வுகள்

உடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ரத்தத்தில் நிலைப்பது மிகக் குறைந்த நேரம். இரண்டே நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். அழிப்பது டிபிபி-4 என்ற நொதி. இதைச் சமாளிக்க மருந்தியல் இரண்டு வழிகளில் போனது. ஒன்று, அழிக்கும் நொதியைத் தடுப்பது: 2006 முதல் வந்த சிட்டாகிளிப்டின், அதன் பின் வந்த லினாகிளிப்டின் உள்ளிட்ட கிளிப்டின்கள். மற்றொன்று, அந்த நொதிக்கு எளிதில் மசியாத போலி ஜிஎல்பி-1ஐ வெளியிலிருந்து கொடுப்பது. ஜான் எங் என்ற ஆய்வாளர் கீலா பல்லியின் நஞ்சில் கண்டெடுத்த எக்சென்டின்-4 என்ற புரதத்துண்டு 2005இல் எக்செனடைடு ஊசியானது. பிறகு லிராகுளுடைடு, செமாகுளுடைடு. செமாகுளுடைடு ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொள்வதால் வாரம் ஒரு ஊசி போதுகிறது.

இரண்டுமே பெருக்கு வழியைத்தான் தொடுகின்றன. எனவே இரண்டிலுமே, தனியாகவோ மெட்ஃபார்மினோடோ எடுக்கும்போது, தாழ்சர்க்கரை அபூர்வம். ஆனால் வலுவில் இரண்டும் ஒன்றல்ல. கிளிப்டின் உடல் தானே சுரக்கும் ஜிஎல்பி-1ஐ ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. இயற்கையான எல்லைக்குள் நிற்கும் பெருக்கம் அது. ஆகவே குமட்டல் இல்லை, எடை மாற்றம் இல்லை, ஹெச்பிஏ1சியும் பெரும்பாலும் ஒரு புள்ளிக்கு உள்ளேயே இறங்கும். ஊசியோ இயற்கை எட்டாத அளவுக்கு ஏற்பியைத் தூண்டுகிறது. மூளையும் இரைப்பையும் அதைக் கேட்கின்றன. பசி குறைகிறது, எடை இறங்குகிறது, குமட்டலும் வாந்தியும் சிலரைப் படுத்தி எடுக்கின்றன. கிளிப்டினையும் ஊசியையும் சேர்த்துக் கொடுப்பதில் பொருளில்லை. ஏற்பி ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

ஆல்ஃபா செல்லின் கதை இங்கேதான் வருகிறது. சர்க்கரை நோயை இன்சுலின் பற்றாக்குறையாக மட்டும் பார்ப்பது பாதி உண்மை. ரோஜர் அங்கர் 1970களிலேயே இதை இரு ஹார்மோன்களின் கோளாறு என்று வாதிட்டார். சாப்பிட்ட பிறகு குளுக்ககான் குறைய வேண்டும். டைப் 2 நோயில் அது குறையாமல் நின்று, ஏற்கெனவே சர்க்கரை நிறைந்த ரத்தத்தில் கல்லீரல் மேலும் சர்க்கரையைக் கொட்டச் செய்கிறது. நலமான திட்டில் பக்கத்திலேயே சுரக்கும் இன்சுலினும் டெல்டா செல்லின் சோமடோஸ்டாட்டினும் ஆல்ஃபா செல்லை அடக்கி வைக்கின்றன. மேலே சொன்ன அந்த நெருக்கம் இதற்குத்தான். ஜிஎல்பி-1 இன்சுலினைக் கூட்டுவதோடு குளுக்ககானையும் குறைக்கிறது. அதுவும் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது மட்டும். சர்க்கரை தாழ்ந்தால் தடை விலகி, குளுக்ககான் எழுந்து காப்பாற்ற முடிகிறது. ஒரே மருந்து இரண்டு செல்களையும் சர்க்கரையைக் கேட்டே நடக்கவிடுகிறது என்பதுதான் இந்த வழியின் மீது எனக்குள்ள சாய்வுக்குக் காரணம்.

ஜிஐபிக்கு ஒரு விசித்திரம் உண்டு. டைப் 2 நோயில் பீட்டா செல் ஜிஎல்பி-1க்கு ஓரளவு செவிசாய்க்கிறது, ஜிஐபிக்குச் செவிசாய்ப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் ஜிஐபி மருந்துகளால் பயனில்லை என்று பலர் எண்ணியிருந்தார்கள். 2022இல் அனுமதி பெற்ற டிர்செபடைடு இரண்டு ஏற்பிகளையும் ஒருங்கே தூண்டுகிறது; செமாகுளுடைடு ஒரு மில்லிகிராமோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் ஹெச்பிஏ1சியை அதைவிட அதிகமாகவே குறைத்தது. உடல் புத்தகத்தைப் படிப்பதில்லை.

எண்கள் இந்தத் தர்க்கத்தை ஆமோதிக்கின்றனவா?

பெரும்பாலும் ஆமோதிக்கின்றன. 2019இல் வெளிவந்த கரோலினா ஆய்வு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை லினாகிளிப்டின், கிளிமெபிரைடு என்று பிரித்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. தாழ்சர்க்கரை கண்டவர்கள் முதல் குழுவில் 10.6 சதவீதம், இரண்டாவதில் 37.7 சதவீதம். பெருக்கு வழிக்கும் வாயிலைச் சாத்துவதற்கும் உள்ள வேறுபாடு இப்படித்தான் எண்ணாகிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. சல்ஃபோனைல்யூரியா இதயத்துக்கு ஆபத்து என்ற 1970களிலிருந்து வரும் பயத்தை, குறைந்தபட்சம் கிளிமெபிரைடைப் பொறுத்தவரை, இது பெரிதும் தணித்தது. புது மருந்தை விரும்புபவர்கள் முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். பழைய மருந்தை விரும்புபவர்கள் இரண்டாவதை மட்டும்.

நம் கேள்விக்கு மிக நெருங்கியது 2022இல் வெளியான கிரேடு ஆய்வு. மெட்ஃபார்மின் சாப்பிட்டுவந்த 5,047 பேருக்குக் கிளார்ஜின் இன்சுலின், கிளிமெபிரைடு, லிராகுளுடைடு, சிட்டாகிளிப்டின் ஆகிய நான்கில் ஒன்றைச் சேர்த்துச் சராசரியாக ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். ஹெச்பிஏ1சி மீண்டும் 7ஐத் தாண்டியவர்கள் கிளார்ஜினில் 67 சதவீதம், லிராகுளுடைடில் 68, கிளிமெபிரைடில் 72, சிட்டாகிளிப்டினில் 77. கடுமையான தாழ்சர்க்கரை கிளிமெபிரைடில் 2.2 சதவீதம், கிளார்ஜினில் 1.3, லிராகுளுடைடில் 1.0, சிட்டாகிளிப்டினில் 0.7. சிட்டாகிளிப்டின் மென்மையானது, ஆனால் பலவீனமானது என்பது இரண்டு வரிசைகளிலும் தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது: நான்கில் எதை எடுத்தாலும் மூன்றில் இரண்டு பேருக்காவது ஐந்தாண்டில் போதாமல் போய்விட்டது. பீட்டா செல்களின் தேய்வை இவற்றில் எதுவும் நிறுத்தவில்லை. இங்கிலாந்தின் யுகேபிடிஎஸ் ஆய்வின் கணக்குப்படி, நோய் கண்டறியப்படும் நாளிலேயே பீட்டா செல்களின் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கும். இரண்டாவது மருந்தைத் தேடும்போது மிச்சம் இருப்பது அந்தப் பாதியிலும் ஒரு பங்குதான்.

கணையத்தைத் தொடாத மருந்து, கணையத்தையே ஈடுசெய்யும் மருந்து

எஸ்ஜிஎல்டி-2 தடுப்பிகள் (எம்பாகுளிஃப்ளோசின், டபாகுளிஃப்ளோசின் முதலியவை) பீட்டா செல் வரைக்கும் போவதே இல்லை. சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டும் சர்க்கரை 180 கிராம் அளவில் இருக்கும். அதை மீட்டு ரத்தத்துக்கே திருப்பும் கடத்திப் புரதத்தை இவை தடுக்க, ஒரு பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. இன்சுலினைத் தூண்டாததால் தாழ்சர்க்கரை அரிது. இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தர்க்கமெல்லாம் இரண்டாம் பட்சம். 2015இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடையே இதய மரணம் 38 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று பாராமலே இதை, அல்லது இதயப் பலன் நிரூபித்த ஜிஎல்பி-1 ஊசியைச் சேர்க்கச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டு நெறிகள்.

ஆனால் கணையம் இங்கேயும் பின்வாசல் வழியாக வருகிறது. ரத்தச் சர்க்கரை இறங்குவதால் இன்சுலின் சற்றுக் குறைகிறது, குளுக்ககான் ஏறுகிறது. இந்த விகிதம் கொழுப்பை எரித்துக் கீட்டோனாக்கும் பக்கம் சாய்வது. போதிய இன்சுலின் சுரப்பவருக்கு இதனால் தொல்லையில்லை. சுரப்பு மிகவும் வற்றியவர் பட்டினி கிடந்தாலோ, அறுவை சிகிச்சைக்குப் போனாலோ, கடும் காய்ச்சலில் விழுந்தாலோ, சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன்கள் குவிந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, அதாவது கீட்டோ அமிலத்தேக்கம், வரக்கூடும். மானி 180 என்று காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அப்படிப்பட்ட நாள்களில் இந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை, தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்சுலினைப் பற்றிச் சுருக்கமாக: ஊசி இன்சுலின் செல்லைத் தாண்டிச் செல்லும் தேர்வு. அளவைத் தீர்மானிப்பது நீங்களும் மருத்துவரும். எந்தச் செல்லும் இல்லை. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் பக்கத்திலுள்ள ஆல்ஃபா செல்லைத் தொட்டு, பிறகு நேரே கல்லீரலுக்குப் போகிறது. தோலுக்கடியில் போட்ட இன்சுலின் உடலெங்கும் சுற்றிவிட்டு, நீர்த்துப்போய் அங்கே வருகிறது. அதனால் குளுக்ககான் முழுமையாக அடங்குவதில்லை. இருந்தும், பீட்டா செல்களே கைவிட்ட பிறகு இதற்கு ஈடான மருந்து வேறில்லை. எடை குறைந்துகொண்டே போகிறது, தாகமும் சிறுநீரும் அடங்கவில்லை, சர்க்கரை 300க்கு மேல் நிற்கிறது என்றால் மாத்திரைகளை மாற்றி மாற்றி ஆடுவது வீண் தாமதம்.

அப்படியானால் எதை எடுப்பது?

இதய நோயோ சிறுநீரகப் பாதிப்போ உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றால் விடை மேலே வந்துவிட்டது. இல்லையென்றால், தாழ்சர்க்கரை உங்களுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதிலிருந்து தொடங்குங்கள். தனியாக வசிக்கும் முதியவர், வாகனம் ஓட்டிப் பிழைப்பவர், உயரத்தில் ஏறி வேலை செய்பவர், நேரத்துக்குச் சாப்பிட முடியாதவர்: இவர்களுக்குச் சர்க்கரையைக் கேட்டே சுரக்கவைக்கும் மருந்துதான் பொருந்தும். எடையும் பிரச்சினை என்றால் ஜிஎல்பி-1 ஊசி. எடை பிரச்சினையில்லை, குறைக்க வேண்டியதும் சிறிதளவே என்றால் கிளிப்டின். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு லினாகிளிப்டின் வசதி, ஏனெனில் அது பெரும்பாலும் பித்தத்தில் வெளியேறுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர் சாக்சாகிளிப்டினைத் தவிர்க்க வேண்டும். 2013 ஆய்வொன்றில் அந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்வது அதில் கூடியது. தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு ஜிஎல்பி-1 ஊசி கூடாது.

நடுவயது, நேரத்துக்குச் சாப்பிடும் வாழ்க்கை, நல்ல சிறுநீரகம், வீட்டில் துணை, மாதாமாதம் வாங்கியாக வேண்டிய மருந்துச் செலவின் கவலை என்றிருப்பவருக்கு, குறைந்த அளவில் தொடங்கும் கிளிக்ளசைடு மோசமான தேர்வல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருப்பதற்குக் காரணமுண்டு. பாதி மாதம் வாங்கி, பாதி மாதம் நிறுத்தும் உயர்ந்த மருந்தைவிட, தொடர்ந்து சாப்பிட முடிகிற பழைய மருந்து மேல்.

இணைப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. கிளிப்டினோ ஜிஎல்பி-1 ஊசியோ தாழ்சர்க்கரை தராது என்று நம்பி, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் கிளிமெபிரைடை அதே அளவில் விட்டுவிட்டு அதன் மேல் இவற்றைச் சேர்ப்பது. சல்ஃபோனைல்யூரியா வாயிலைச் சாத்திக் கால்சியத்தை ஏற்றி வைத்திருக்கிறது. சர்க்கரை இல்லாவிட்டாலும் பெருக்குவதற்கு இப்போது ஒன்று இருக்கிறது. பெருக்கு வழி தன் பாதுகாப்பை இழந்துவிடுகிறது. புதிய மருந்து தொடங்கும்போது பழையதன் அளவைக் குறைக்கலாமா என்று கேட்பதற்கு இதுவே காரணம். நாமாகக் குறைத்துக்கொள்வதற்கு இல்லை.

சங்கிலியின் முதல் கண்ணியான குளுகோகைனேஸையே முடுக்கும் டோர்சாக்லியாடின் என்ற மருந்துக்குச் சீனா 2022இல் அனுமதி கொடுத்திருக்கிறது. இதே இடத்தைக் குறிவைத்த முந்தைய மருந்துகள் பல, நாளடைவில் பலன் குன்றியதாலும் தாழ்சர்க்கரையாலும் கைவிடப்பட்டவை. நீண்ட காலப் பலன் தெரியும் வரை இதைத் தேர்வுப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

எதையும் தேர்வதற்கு முன், கேள்வியே சரிதானா என்று பார்த்துவிடுவதும் நல்லது. ஒல்லியான உடல், குடும்பத்தில் டைப் 1 அல்லது தைராய்டு நோய், மெட்ஃபார்மின் தொடங்கி ஓரிரு ஆண்டிலேயே கட்டுக்கடங்காத சர்க்கரை என்றிருந்தால், டைப் 2 என்று பெயரிடப்பட்டது உண்மையில் மெதுவாக வரும் தன்தடுப்பாற்றல் சர்க்கரை நோயாக இருக்கலாம். அதில் பீட்டா செல்கள் களைத்துப் போகவில்லை, உடலின் சொந்தத் தடுப்பாற்றலால் அழிக்கப்படுகின்றன. தூண்டுவதற்கோ பெருக்குவதற்கோ போதிய செல்கள் நாளடைவில் மிஞ்சாது, எஸ்ஜிஎல்டி-2 மாத்திரையோ ஆபத்தாகவே முடியலாம். ஜிஏடி எதிரணு (அந்தத் தாக்குதலின் தடயம்), சி-பெப்டைடு ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இதைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடும். ஒவ்வொரு இன்சுலின் மூலக்கூறோடும் ஒரு சி-பெப்டைடு மூலக்கூறு வெளிவருவதால், கணையம் தானே எவ்வளவு சுரக்கிறது என்பதை ஊசி போட்டுக்கொள்பவரிடமும் அது காட்டும். அந்த எண் தரைமட்டத்தில் இருந்தால் இன்சுலினைத் தள்ளிப்போட வேண்டாம்.